பஸ்ஸில் காணாமல் போன கடைசி நான்கு அத்தியாயங்கள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆவணி பிறந்த முதல் வாரத்தில் நடந்தது இது. இடம், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்.

நான் அங்கே செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் ஷூவில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் வீட்டுச் சாம்பார் வரைக்கும் வந்துவிட்டது என்பார் என் கணவர். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், ஆசை தீரப் போன் பார்ப்பது பஸ்ஸில்தான். அப்படித்தான் ஒரு நாவலைப் போனில் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் எட்டி எட்டிப் பார்த்தாள். சத்தமாகப் படியுங்களேன் என்றாள். ஒரே வாரத்தில் மொத்த பஸ்ஸும் கதை கேட்க ஆரம்பித்துவிட்டது.

கோயில் நகை ஒன்று காணாமல் போகிறது. பழி வீட்டு மருமகள் மேல் விழுகிறது. அவள் கைக்குழந்தையோடு வெளியேறுகிறாள். நகையை எடுத்தது யார், புருஷன் அவளைத் தேடி வருவானா, இதுதான் கதை. எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் மருமகள்கள், மீதிப் பேர் மாமியார்கள். கட்சி பிரிந்து சண்டை நடந்தது. எதிலும் சேராதவர் டிரைவர் அண்ணன் ஒருவர்தான். "சத்தத்த கம்மி பண்ணுங்கம்மா" என்பதோடு சரி. ஆனால் கதை சூடு பிடிக்கும் நாட்களில் பஸ் என்னவோ மாட்டு வண்டி வேகத்தில் போகும். கேட்டால் வண்டி இழுக்கவில்லை என்பார்.

கடைசி சீட்டில் ஒரு அக்கா. தையல் மெஷினில் இருப்பவர், பொல்லாத வாய். "ஏம்மா, அச்சடிச்ச பொஸ்தகம் வாங்கக் கூடாதா? இதுல இன்னா கீது, வெறும் வெளிச்சம்தான?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. இதைக் கரையான் அரிக்காது, இரவல் வாங்கிப் போய் யாரும் தொலைக்க முடியாது, என் பேத்தி காலம் வரைக்கும் இருக்கும் என்று பஸ்ஸுக்கே பிரசங்கம் செய்தேன். வாயை அடக்கியிருக்கலாம்.

இன்னும் நான்கு அத்தியாயம் பாக்கி. பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இந்த வாரச் சனிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டு ஓசூர் போகிறாள். அதற்குள் கதையை முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை காலை பஸ் ஏறி, எல்லோரும் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு போனைத் திறந்தால், அட்டைப்படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். இந்த நூல் தற்போது கிடைக்காது என்று ஒரு வரி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

யாரும் நம்பவில்லை. வாங்கின புத்தகம் எப்படி ஓடிப்போகும் என்று கேட்டார்கள். கடைசி சீட்டு அக்கா அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. எங்கள் கம்பெனியில் தைப்பது வெளிநாட்டுக்காரன் பெயர் போட்ட ஷூ. துளி கறை, ஒரு தையல் கோணல் என்றாலும் அது வெளியே போகக் கூடாது. செக்கிங்கில் இருப்பவர்கள் கத்தியால் குறுக்கே கிழித்துப் போட வேண்டும். அந்த அக்கா ஒருமுறை, தன் மகன் அளவில் ஒரு ஜோடியைப் பார்த்து, கிழிக்காமல் கொடேன் என்று கேட்டார். "ரூல்க்கா, நாம தச்சாலும் அது நம்மளுது இல்ல" என்று சொல்லி அவர் கண் முன்னாலேயே கிழித்தேன். ஷூ கொடுக்காதவள் கதை மட்டும் கொடுப்பாளா, முடிவைத் தான் மட்டும் படித்துவிட்டு மறைக்கிறாள் என்பது அக்காவின் வாதம். அடுத்த நாள் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் மட்டும் உட்கார்ந்து வந்தேன். கல்யாணப் பெண்கூட வேறு சீட்டுக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாட்சி வேண்டும் என்று புதன்கிழமை சாயங்காலம் எல்லோர் முன்னாலும், நாவலை விற்ற ஆப்பின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு தம்பி பேசினான். தேன் ஒழுகும் குரல். பதிப்பகத்துக்கும் அவர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். நான் வாங்கியது புத்தகம் இல்லையாம், படிக்கும் அனுமதியாம். எல்லாம் நான் சம்மதித்த விதிமுறையில் இருக்கிறதாம். எங்கள் சிரமத்துக்கு வருந்தினான்.

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"தம்பி, நான் பொடவ வாங்கினு வந்தா, கடக்காரன் ஊட்டுக்கு வந்து பீரோவத் தொறந்து எடுத்துனு போவானா?"

"புடவை வேறு மேடம். இது எங்கள் விதிமுறை மேடம்."

"சரி, பொஸ்தகத்த நீயே வெச்சிக்கோ. நகைய எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லிடு."

"அந்தத் தகவல் என்னிடம் இல்லை மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?"

பஸ்ஸே சிரித்தது. அக்கா போனை என்னிடம் நீட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார். "இன்னாம்மா, இவன் குரலு எங்கியோ கேட்டா மாதிரி கீதே. ரூல்க்கா, நம்மளுது இல்லக்கா." என் வசனத்தையே என் காசில் ஒருவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் ஒரு நல்லது நடந்தது: அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முடிவு மட்டும் கிடைக்கவில்லை. ஆம்பூர் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், இல்லை. வெள்ளிக்கிழமை காலை கல்யாணப் பெண், "போட்டும்க்கா. அவன் வந்தான்னே நெனச்சிக்கறேன்" என்றாள். புது வீட்டுக்குப் போகிறவள் அந்த மருமகளின் கதி தெரியாமல் போகிறாளே என்று இருந்தது.

அப்போதுதான் டிரைவர் அண்ணன் கம்பெனி கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். அதே நாவல். முதல் பக்கத்தில் அரசு நூலக முத்திரை.

"எப்பண்ணா எடுத்தீங்க?"

"மூணு வாரம் ஆச்சி. நீ பாட்டுக்குத் தெனம் துளித் துளியாப் படிக்கிற, மனுசன் எப்படி வண்டி ஓட்டறது? நீங்க உள்ள போனதும் இங்கியே குந்தி முடிச்சிட்டேன்." நாங்கள் அடித்துக்கொண்டதை எல்லாம், முடிவு தெரிந்த முகத்தோடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார் மனிதர். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அக்கா சண்டைக்குப் போனார். தவணை தாண்டிவிட்டது, வெளியே தெரிந்தால் நூலகத்தில் திட்டுவார்களே என்ற பயமாம்.

அன்று சாயங்காலம் இரண்டு, சனிக்கிழமை இரண்டு என்று படித்தோம். அதிலும் ஒரு சோதனை. பாக்கி நான்கில் மூன்றாவது அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, பசுவைப் போல இருந்த கொழுந்தன் பெயருக்குப் பக்கத்தில் எவனோ நீலப் பேனாவால் அம்புக்குறி போட்டு, 'நகையை எடுத்தது இவன்தான்' என்று எழுதிவைத்திருந்தான். என்னை அறியாமல் அதையும் சத்தமாகப் படித்துவிட்டேன். அந்தப் பேனாக்காரனுக்கு விழுந்த சாபம் அவன் ஏழு தலைமுறைக்குப் போதும். போனில் இந்தத் தொல்லை இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

கடைசி அத்தியாயத்துக்கு அண்ணன் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். இந்த முறை வண்டி இழுக்கவில்லை என்று பொய் சொல்லவில்லை. புருஷன்மார்கள் போன் மேல் போன் போட்டார்கள், யாரும் எடுக்கவில்லை. கதையில் அவன் வந்தான். கல்யாணப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். முடிவு தெரிந்த டிரைவர் அண்ணனும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இறங்கும்போது அந்தப் பெண் புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், 'பொறுமையாகப் படிங்க, அவன் வருவான்' என்று எழுதினாள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான். என் பேனாவைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

இப்போதும் கோணல் தையல் ஷூவைக் கிழிக்கிறேன்; வேலை அதுதான். கிழிக்கும்போதெல்லாம் அந்தத் தம்பியின் தேன் குரல் காதில் விழுகிறது. அந்தச் சாம்பல் கட்டமும் என் போனில் அப்படியே இருக்கிறது, அழிக்க மனம் வரவில்லை. எதையாவது என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தால், நாளைக்கு ஒருவன் வந்து கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் அந்தப் புளியமரத்தடியில் கேட்ட கடைசி அத்தியாயம் எங்கள் எல்லோருடையதும்தான்.