எனக்கு ஓர் அவசரம் தரவும்

பி.காம். முடித்த வருடம் எங்கள் வகுப்பில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர்கள் ஐந்து பேர். ஐவரும் உத்தியோகத்துக்குத் தயாரானோம். தயாராவது என்றால் காலையில் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங், முக்கால் மணி நேரம் சுருக்கெழுத்து, மிச்ச நேரமெல்லாம் மலையாளச் சீமையில் இருந்த எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம்.

"எலே, இவ்வளவு அடிச்சுப் பழகிட்டு எந்த சர்க்காருக்கு மக்கா அடிக்கப் போறே?" என்று ஐவரில் ஒருவனான அமரவிளைக்காரன் என்னிடம் கேட்டான்.

"ஆரு மொதல்ல விளிக்காவளோ, அவியளுக்காக்கும்."

யாரும் விளிக்கவில்லை. பதினேழு விண்ணப்பங்கள் போட்டேன். பதில் வந்தது இரண்டு, இரண்டும் 'இல்லை'. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. நான்தான் மூத்தவன்.

பதினெட்டாவது, திருநெல்வேலியில் ஒரு நூல் கம்பெனிக்கு. குமாஸ்தா வேலை. விண்ணப்பம் சொந்தக் கையெழுத்தில், நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. தமிழுக்காக ஒன்பது ஊர்வலம் போனவனுக்கு இதெல்லாம் ஒரு நிபந்தனையா? எழுதினேன். மற்ற நால்வரும் படித்து இரண்டு கமா சேர்த்தார்கள். "ஒண்ணாந்தரம் தமிழாக்கும்" என்றான் அமரவிளைக்காரன்.

நேரில் வரச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். மேனேஜர் என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்.

"'தங்கள் கம்பெனியில் பணிபுரிய எனக்கு ஓர் அவசரம் தரவும்'னு எழுதியிருக்கீரு. என்னவே அர்த்தம்?"

"வேலை செய்ய ஒரு அவசரம், சார்."

"அவசரம் இங்க எல்லார்கிட்டயும் நெறையக் கெடக்கு. உமக்கு எவ்வளவு வேணும்?"

பக்கத்து மேசையில் இருவர் சிரித்தார்கள். அப்போதுதான் உறைத்தது. வாய்ப்புக்கு மலையாளத்தில் அவசரம் என்பார்கள். நாங்களும் சொல்லிச் சொல்லி அதைத் தமிழாகவே ஆக்கிவிட்டிருந்தோம். தமிழ்ப் படை ஐந்து பேர், பத்துக் கண்கள், ஒன்றுக்கும் உறுத்தவில்லை.

"உம்ம தாய்மொழி என்ன?"

"தமிழாக்கும், சார்."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னை இங்கிலீஷ் மெஷின் முன் உட்காரவைத்து ஒரு கடிதம் சொன்னார். நான்கு நிமிடம், ஒரே ஒரு பிழை.

"இங்கிலீஷ் கடிதத்துக்கு மட்டும் வாரும். தமிழ்க் கடிதத்தை நீர் தொடப்படாது."

சரி என்றேன். அந்த உத்தரவை முப்பத்தொரு வருடம் ஒரு நாள்கூட மீறவில்லை. அப்பாவிடம், தமிழ்க் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.