எழுபது கிலோ

இது நடந்தது. சந்தேகம் இருந்தால் அந்த இரும்பாலையின் எடை மேடைக் குமாஸ்தாவைக் கேளுங்கள். எழுந்து போய்விடுவார்.

நெட்டையர் என்றால்தான் லாரிக்காரர்களுக்குத் தெரியும். சொந்தமாக ஒரே லாரி. முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான், பஞ்சர் பார்ப்பவரும் அவர்தான். தவணை கட்டாத யாரிடமோ பிடுங்கி வந்து ஏலம் விட்ட வண்டி அது. மலிவாகக் கிடைத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வாங்கிய பிறகுதான் டீசல் ஏறியது, வாடகை இறங்கியது. ஆலை வாசலில் இரண்டு நாள் காய்ந்தால் ஒரு லோடு. சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை.

போதாக்குறைக்குத் திருட்டுப் பட்டம் வேறு. கம்பி ஏற்றி ஆலையில் எடை போட்டுக் கிளம்புவார். சாயங்காலம் கிடங்கில் எடை போட்டால் எழுபது கிலோ குறையும். மூன்று லோடிலும் அதே எழுபது. வழியில் எங்கும் நிறுத்தவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யார் நம்புவார்?

நான்காவது லோடு.

"இந்தத் தடவையும் குறைஞ்சா உங்க வண்டியை உள்ள விடக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாருண்ணே. காலி வண்டியிலேர்ந்தே பாத்துருவோம். இறங்குங்க" என்றார் குமாஸ்தா.

மணி 12:40. உச்சி வெயில். நெட்டையர் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, குமாஸ்தாவின் ஜன்னலருகே வந்து நின்றார்.

சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 9,690.

"வண்டி புக்குல காலி எடை 9,620தானே? உள்ள யாருண்ணே?"

"யாருமில்ல தம்பி. நான் ஒண்டி ஆளு."

குமாஸ்தா போய் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு தண்ணீர் கேன், ஒரு போர்வை. பின்னால் ஏறியும் பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

12:46.

இடது பக்கக் கதவு... டக்.

திறக்கவில்லை. சத்தம் மட்டும்.

மேடையின் இரும்புத் தகட்டில்... டங். டங். டங். யாரோ வண்டியைச் சுற்றி நடக்கிறார்கள். பிறகு சரளைக் கல்லில் ஒரு நொறுங்கல்.

எண் இறங்கியது. 9,620.



மறுபடி... டங்.

9,690.

இந்த முறை டிரைவர் பக்கக் கதவு.

டக்.

வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் கியர் கம்பி மெல்ல அசைந்தது. நியூட்ரலுக்கு வந்து... நின்றது.

அப்புறம் என்ன? லோடு ஏற்றினார். ஏற்றாமல் எங்கே போவார்? அதே சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் பார்க்காமலே ஓட்டினார். கிடங்கில் எழுபது கிலோ குறைந்தது. ஆலைக் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. கண்ணால் பார்த்த குமாஸ்தா மேனேஜரிடம் வாய் திறக்கவில்லை. அவருக்கும் வேலை வேண்டுமே.

இரண்டு நாள் கழித்து, ஏலக் கொட்டகையில் விசாரித்துப் பழைய சொந்தக்காரரின் வீட்டுக்குப் போனார் நெட்டையர். ஆலைக்கும் கிடங்குக்கும் நடுவில், சாலையோரம் ஒற்றை அறை வீடு. செத்தவன் வீடு என்று நினைத்துத்தான் கதவைத் தட்டினார்.

ஒரு அம்மா திறந்தார்.

"அவரா? உள்ளதாங்க இருக்காரு. வாங்க."

கட்டிலில் ஒருவர் கண் திறந்தபடி கிடந்தார். வாட்டசாட்டமான உடம்பு.

"வண்டியைப் பிடுங்கிட்டுப் போன அன்னைக்குப் படுத்தவரு. பேச்சு மூச்சு இல்ல" என்றார் அந்த அம்மா. "அதுகூடப் பரவால்லைங்க. சில நாளு இன்னொண்ணு நடக்குது. டாக்டர்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு."

"என்னம்மா?"

"முந்தாநாளு மத்தியானம், முகம் தொடைக்கலாம்னு தூக்குனேன்... வெறும் சட்டையைத் தூக்குன மாதிரி இருந்துச்சுங்க. பொழுது சாயுற நேரம் ரோட்டுல ஒரு லாரி போச்சு. அப்புறம்தான் கனம் வந்துச்சு."