கட்டு என்றால் கட்டு, வெட்டு என்றால் வெட்டு

புயல் வருகிறது என்று எல்லோர் போனும் அலறிய அன்றைக்கு என் பையன் ஒரு சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேஃப்டி பிரிவில் இருக்கிறான். ஆபத்துக்கு வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பை இருக்க வேண்டுமாம். ஜிப்பைத் திறந்தால் டார்ச், பேட்டரி, பஞ்சு, பிளாஸ்திரி, பிஸ்கட், ஒரு சுருள் நைலான் கயிறு, அடியில் மஞ்சள் கலரில் ஒரு விசில்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாடா இது, கண்டக்டர் வேலைக்குப் போறியா?"

"காத்துல கத்துனா ஒண்ணும் புரியாதுப்பா. அதுக்குத்தான்."

"எனக்கு விசிலா? படப்பைல நின்னு நான் கத்துனா சேரப்பணஞ்சேரில திரும்பிப் பாப்பான்டா."

அவன் பையை ஆணியில் மாட்டினான். மாட்டட்டும். அந்த ஆணி நான் அடித்தது, அந்தச் சுவர் நான் கட்டியது. அதை அவன் மறந்தாலும் நான் மறக்க விடமாட்டேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் வாத்தியார் என்னை வேண்டாம் என்றார், நானும் அவரை வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆனால் என் வீட்டுக்குள் இதுவரை ஒரு பிளம்பர் வந்ததில்லை, ஒரு எலக்ட்ரீஷியன் வந்ததில்லை. போர் மோட்டார் எரிந்தால் நானே மேலே இழுப்பேன், நானே காயில் சுற்றுவேன். ஒரு தடவை கரண்ட் என்னைத் தூக்கி எதிர்ச் சுவரில் அடித்தது. எழுந்து போய் மீதி வேலையை முடித்துவிட்டுத்தான் டீ குடித்தேன். பல்வலிக்குக்கூட டாக்டரிடம் போனதில்லை, குறடு போட்டு நானே பிடுங்கினேன். முதலில் வந்தது பக்கத்திலிருந்த நல்ல பல் என்பது வேறு விஷயம். விடுவேனா? வாயில் ரத்தத்தோடு அடுத்ததையும் பிடுங்கிவிட்டுத்தான் எழுந்தேன்.

மழைக்காலத்துக்கு நான் தயாராகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புரட்டாசி பிறந்தால் டிரம்மில் அரிசி, வேப்பிலை போட்டு. இரண்டு டின் மண்ணெண்ணெய். காய்ந்த விறகு பரணில். கடப்பாரை, சம்மட்டி, மண்வெட்டி மூன்றும் கதவுக்குப் பின்னால் வரிசையாக. அருவாள் எப்போதும் தீட்டியபடி. எல்லாவற்றுக்கும் மேலே உத்திரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு, கட்டைவிரல் தடிமன்.

கயிறு என்றாலே ஏழுமலைதான்.

ஏழுமலை என் சம்சாரம் கஸ்தூரியின் தம்பி. நானும் அவனும் சென்ட்ரிங் வேலை பார்த்தோம், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டு கொடுக்கிற வேலை. மூன்றாவது மாடிக்குப் பலகை ஏற்ற வேண்டும் என்றால் அவன் முடிச்சுதான். அவன் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்ததை நான் பார்த்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் எதையும் யாரிடமும் கேட்காமல் செய்வதைப் பார்த்து எப்போதும் ஒரு கிண்டல்.

"மாமா, எல்லாத்தையும் நீயே செய்ற, சரி. செத்தா தூக்கறதுக்கு நாலு பேரு வேணுமே, அதுக்கு இன்னா பண்ணப் போற?"

"நானே நடந்து போயிடுவேன்டா."

"போவ. வழியில கொள்ளியக்கூட நீயே வாங்கிகினு போவ."

கயிற்று வேலையில் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். நீளமாக எதுவும் பேசக்கூடாது. இரண்டே வார்த்தை. கட்டு என்றால் கயிற்றை அந்த இடத்திலேயே இறுக்கிக் கட்ட வேண்டும். வெட்டு என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் வெட்டிவிட வேண்டும். ஏனென்றால் பாரம் சரியும்போது கயிறு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்படி ஒருத்தன் குடல் சரிந்ததை நான் கண்ணால் பார்த்தவன். "கட்டுன்னா கட்டு, வெட்டுன்னா வெட்டு. நடுவுல மூளைய யூஸ் பண்ணாத" என்று அவன் பிடரியில் தட்டிச் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனிகள் வர ஆரம்பித்த காலம் அது. எங்கள் தெருவுக்குக் கீழே ஏரித் தண்ணீர் போகிற ஓடையை மறித்து ஒரு நீளமான காம்பவுண்டு சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்த வருஷம் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் ஏரி நிரம்பி வழிந்தது. போக வழியில்லாமல் தண்ணீர் சுவரில் முட்டித் திரும்பி எங்கள் பக்கம் ஏறியது. என் வீடு அப்போது சிமெண்டு ஷீட்டு போட்ட வீடு, செங்கல் செங்கலாக நானே எழுப்பியது. முட்டிக்கால் அளவு தண்ணீர். சுவர் ஊறிப் பொருமுவது உள்ளே நின்றால் காதில் கேட்டது. கஸ்தூரி ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். தெருவில் எல்லோரும் தாசில்தார் வருவார், போட் வரும் என்று மேட்டில் நின்றிருந்தார்கள். நான் சம்மட்டியை எடுத்தேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பனைமரம். கயிற்றின் ஒரு முனை என் இடுப்பில். மறுமுனை பனைமரத்தில் ஒரு சுற்று சுற்றி ஏழுமலை கையில். அருவாள் மரத்தடியில். கஸ்தூரி கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். போடி என்றால் போகவில்லை.

மார்பளவு தண்ணீரில் போய்ச் சுவரில் அடித்தேன். பத்து அடி, இருபது அடி. சுவருக்கு மேல் ஒரு வாட்ச்மேன் தலை தெரிந்தது. "யார்ரா அது, எறங்குடா" என்று தடியால் என் மண்டையில் ஒன்று போட்டான். கண்ணில் ரத்தம் இறங்கியது. தடியைப் பிடித்து இழுத்தேன், தடியோடு அவனும் வந்து தண்ணீரில் விழுந்தான். மூக்கில் ஒரு குத்து. மூக்கு உடைந்தது என் கைக்கே தெரிந்தது. தலைமுடியைப் பிடித்து மேட்டுப் பக்கம் தள்ளிவிட்டேன். தப்பித்து ஓடினான். திரும்பி வந்து சம்மட்டியை எடுத்து அடுத்த அடி போட்டேன்.

சுவர் உடைந்தது என்று சொல்ல முடியாது. வெடித்தது. ஒரு ஆள் அகலத்துக்கு விட்டுக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. என் காலைத் தரையிலிருந்து பிடுங்கியது. கயிறு பிடித்தால் நான் பிழைத்தேன். "கட்டு! கட்டு! கட்டு!" என்று என் உயிரெல்லாம் தொண்டைக்கு வர மூன்று தடவை கத்தினேன்.

கயிறு ஒரு தடவை விறைத்தது. பிறகு தளர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் பாம்பு மாதிரி கயிறும் ஓட்டை வழியாக வந்தது.

சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி தொடையைக் கிழித்தது. விலா எலும்பு செங்கல்லில் மோதி முறிந்தது. அந்தப் பக்கம் குவித்துவைத்திருந்த சிமெண்டு குழாய் ஒன்றில் போய்ச் சிக்கினேன். அதனால்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே செத்திருப்பான். கயிற்றின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அறுந்த முனையாக இருந்தால் நார் பிரிபிரியாகத் தொங்கும். இது வாழைத்தண்டை நறுக்கினது மாதிரி இருந்தது.

சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்து வர அரை மணி ஆனது. ஏழுமலை மார்பில் அடித்துக்கொண்டு அழுதபடி எதிரே ஓடிவந்தான். "மாமா, இருக்கியா மாமா" என்று கட்டிக்கொள்ள வந்தான். என்னைக் கொல்லப் பார்த்தவன் கட்டிக்கொள்ள வருகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஏண்டா வெட்டுன?"

"நீதான மாமா வெட்டுன்ன!"

பொய்யும் சொல்கிறான் என்று அந்தக் கயிற்றாலேயே அடித்தேன். ஈரக் கயிற்றால் அடித்தால் தோல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. கயிறு நழுவியதும் கையால் அடித்தேன். இரண்டு பல் தெறித்தது. காதைச் சேர்த்து ஓர் அறை விட்டதில் காதிலிருந்து ரத்தம் வந்தது. அதன்பிறகு அவனுக்கு அந்தக் காது கேட்கவே இல்லை. திருப்பி ஓர் அடி அடிக்கவில்லை அவன், என்னைவிட இள வயசும் வலுவும் இருந்தும். சேற்றில் கிடந்தபடி எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். இன்னும் இல்லை இல்லை என்று சாதிக்கிறானே என்று வயிற்றில் இன்னும் இரண்டு மிதித்தேன்.

"இனிமே என் வாசப்படிய மிதிச்ச, கால வெட்டிடுவேன்" என்றேன். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர் வடிந்து எல்லார் வீடும் தப்பித்திருந்ததால் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தொடையை அன்றைக்குக் கோணி ஊசியால் நானே தைத்தேன். நூலை வெந்நீரில் போட்டு, துணியை வாயில் கடித்துக்கொண்டு ஒன்பது தையல். கஸ்தூரி தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. ரத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஏழுமலை குன்றத்தூருக்குப் போய் ஷேர் ஆட்டோ ஓட்டினான். எங்களுக்குப் பையன் பிறந்தான். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். "மடிதானே வேணும், எனக்கு இல்லியா?" என்று குன்றத்தூர் மலைக்கோயிலில் நானே உட்கார்ந்து பையனை மடியில் போட்டுக்கொண்டேன். தாய்மாமன் வேலையையும் சேர்த்து ஒற்றை ஆளாக முடித்தவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தன்தான். பிள்ளை துள்ளியதில் ஊசி இழுத்துவிட்டு என் வேட்டியெல்லாம் ரத்தம். மலையிலிருந்து இறங்கினால் ஆட்டோ ஸ்டாண்டில் அவன் நிற்கிறான், கையில் ஒரு சின்ன துணிப்பொட்டலம். எங்களைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தான். நான் கீழே கிடந்த கல்லை எடுத்தேன். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து ஆட்டோவிலேயே போய்விட்டான். கஸ்தூரியைக் கூட்டிப்போனேன். நான் தெருமுனையோடு நின்றுகொண்டேன். அவனைத் தூக்க ஸ்டாண்டு ஆட்கள் முண்டியடித்தார்கள். நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், நேற்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான்.

மத்தியானத்திலேயே காற்று பிடித்துவிட்டது. மொட்டை மாடியில் போட்டிருந்த தகர ஷீட்டு படபடவென்று தூக்க ஆரம்பித்தது. பையன் மேலே ஏறி நைலான் கயிற்றை ஷீட்டின் மேல் போட்டு, ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கீழே விட்டான். நான் கீழே தூணைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன், இடுப்பில் அந்தப் பழைய அருவாள். விசில் பையிலேயே கிடந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு காற்று வந்து ஷீட்டு அப்படியே எழும்பியது. பையன் கத்தினான். வெட்டு என்று கத்தினான். கயிறு அவனை இழுக்கிறது என்று நினைத்தேன். என் சட்டப்படி, ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரே வெட்டு.

ஷீட்டு மாடியிலிருந்து பறந்து, வாசலில் நின்ற கஸ்தூரிக்கு ஒரு கை தூரத்தில் இறங்கியது. ஸ்கூட்டர் சீட்டு இரண்டாகப் பிளந்தது. பையன் இறங்கி ஓடிவந்தான். கயிறு உரசி இரண்டு உள்ளங்கையும் தோல் போய் ரத்தம்.

"கட்டு கட்டுன்னு கத்திகினு கீறேன், இன்னாத்துக்குப்பா வெட்டுன? அம்மா செத்துருக்கும்!"

"நீதானடா வெட்டுன்ன!" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை யாருடையது என்று தெரிந்தது. கையிலிருந்த அருவாள் கீழே விழுந்தது.

பையன் பிளாஸ்திரி எடுக்க உள்ளே போனான். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். கஸ்தூரி ஷீட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"அன்னிக்கு ஏழுமலை பொய் சொல்லல போலகீது" என்றேன்.

"இப்பத்தான் தெரிஞ்சிதா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பனமரத்தாண்டதான நின்னுகினு இருந்தேன்? எனக்கும் வெட்டுன்னுதான் காதுல வுழுந்துது. அவன் கயித்த வுடாம முழிச்சிகினு நின்னான், வெட்டவே மாட்டேன்றான். மாமா செவுத்தாண்ட மாட்டிக்கினாருடா, வெட்டுடான்னு அருவாள எடுத்து அவன் கையில குடுத்ததே நான்தான்."



"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்ல வாயத் தொறந்தேன். கீழ கெடந்துகினே என்னப் பாத்து வேணாம் வேணான்னு தலைய ஆட்டுனான். வயித்துல இவன் ஆறு மாசம். நீ மிதிச்ச மிதி எங்க வுழுந்திருக்கும்?"

அவள் குனிந்து அருவாளை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கு வேலை இருந்தது, தேங்காய் உடைக்க வேண்டும்.

அந்தப் பனைமரம் இப்போது இல்லை, அங்கே லாரிகள் நிற்கிற சர்வீஸ் ரோடு. ஓடை இருந்த இடத்தை இன்றைக்கு என்னாலேயே சரியாகக் காட்ட முடியாது. சுவரை அப்போதே முன்னைவிட உயரமாகக் கட்டிவிட்டார்கள். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவனும் போய்விட்டான். அவன் இருந்திருந்தாலும், எந்தப் பக்கத்துக் காதில் சொன்னால் அவனுக்குக் கேட்கும், இடதா வலதா என்று எனக்குத் தெரியாது. உள்ளே போய் கஸ்தூரியிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை எழுந்தேன். கேட்கவில்லை.