பொன்னுசாமி அண்ணனும் பதினோராவது இடமும்

பொன்னுசாமி அண்ணன் தவறிய செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது கூலிமில் அவரை எரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. கோலா கெத்திலில் எங்கள் வீட்டுக்குச் சமையல் கேஸ் தோம்பு கொண்டுவரும் முனியாண்டிதான் சொன்னான். தோம்பை இறக்கி வைத்துவிட்டு, "தாத்தா, கூலிம் ஸ்கூல்ல ஜாகாவா இருந்தாரே உங்க கூட்டாளி, அவரு தவறிட்டாராம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் என்று என்னை அறிந்தவர்கள் அந்த வீட்டில் இல்லை. அவர் மனைவி முன்பே போய்விட்டார். பிள்ளைகளுக்கு நான் எப்போதாவது பஸ்ஸில் வந்து பள்ளித் திடலோரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒரு கிழவன், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவரிடம் பந்தடிக்கப் பழகிய பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தீர்கள். சிலருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. நினைவு மலர் போடுகிறோம், பழைய ஆள் நீங்கள்தான், ஏதாவது தாருங்கள் என்றீர்கள். எனக்குக் கைநாட்டுதான். நான் சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள்.

நீங்கள் அறிந்த பொன்னுசாமி பள்ளிக்கூட வாயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர். மாலையில் நீங்கள் சாஃப்ட்பால் ஆடும்போது கேட்டைச் சாத்திவிட்டு வந்து வலைக்குப் பின்னால் நிற்பார். மட்டை பிடித்து நிற்கும் பிள்ளையின் பின்னங்காலுக்குப் பின்னால் தம் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி வைப்பார். குதிகால் செருப்பில் பட்டால், பந்து எவ்வளவு தூரம் போனாலும், அந்த அடி செல்லாது. மாலை முழுவதும் ஒரு காலில் மட்டும் செருப்போடு நடப்பார். "செருப்பு எதுக்குன்னு கேட்டா சிரிப்பாரு தாத்தா, சொல்லவே மாட்டாரு" என்று உங்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் இங்கே வந்தபோது எனக்குப் பதினேழு வயது, அவருக்கு இருபத்தொன்று. கோலா கெத்திலுக்கு உள்ளே ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினோம். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் அடுத்தடுத்த வீடு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பாலை வாங்க ஆளில்லை. பாதி மரத்தைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம், அதையே தின்றோம். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வர ஆரம்பித்தது. காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்போம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பேர் வாசிப்பார். பேர் வந்தவன் அன்றைக்கே லாரி ஏற வேண்டும். ஏறிப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை. சயாம் என்ற சொல்லை லயத்தில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் தோட்டத்துக் காவலுக்கு இருந்த ஜப்பான் சார்ஜனுக்குப் பேஸ்பால் ஆட்டத்தில் பைத்தியம். சுங்கை பட்டாணியில் இருந்த பட்டாளத்துக்காரர்களோடு மோதுவதற்கு ஒரு கோஷ்டி வேண்டும் என்று எங்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்தான். தச்சர் உலக்கையைச் செதுக்கி மட்டை செய்து கொடுத்தார். மரத்தின் வெட்டில் உறைந்து காய்ந்த ஒட்டுப்பாலை நூலாக இழுத்துச் சுற்றி, மேலே கான்வாஸ் துணியைத் தைத்தால் அதுதான் பந்து. ஆட்டத்தின் சட்டதிட்டம் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது: கோஷ்டியில் இருப்பவன் பேரைக் கிராணி வாசிக்கமாட்டார்.

முதல் பத்து நாள் ஒருவனும் பந்தைத் தொடவில்லை. சார்ஜன் எறிவான், நாங்கள் காற்றில் வீசுவோம், அவன் வந்து கன்னத்தில் அறைவான். என்ன தப்பு என்று சொல்ல அவனுக்கு எங்கள் பாஷை தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பானா என்பது சந்தேகம்தான். பொன்னுசாமி அண்ணன் தம் முறை முடிந்ததும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து மற்றவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் லயத்துக்குத் திரும்பும்போது, "டேய், நாம யாரும் பந்து அடிக்கலடா. எல்லாரும் பால் வெட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

நான் கேலி என்றுதான் நினைத்தேன். அவர் நின்று ஒரு மரத்தருகே செய்து காட்டினார். பால் வெட்டுகிறவன் பட்டையில் வெட்டிய கோட்டின் மேல்முனையில் கத்தியை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே, மரத்தைச் சுற்றிப் பின்னுக்குக் கால் எடுத்து வைப்பான். கை வேலை செய்தால் கால் பின்னே போகும். நாளைக்கு முந்நூறு, நானூறு மரம். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிய உடம்பு. மட்டையை வீசும்போதும் எங்கள் கால் தன்னால் பின்னுக்குப் போனது. சார்ஜன் எத்தனை அறைந்தாலும் அது போகாது, ஏனென்றால் போவது எங்களுக்கே தெரியவில்லை.

மறுநாள் முதல் அவர் எங்களை மரவள்ளிப் பாத்திக்கு அழைத்துப் போனார். பாத்தி மேட்டில் பின்னங்குதிகாலை ஒட்ட வைத்து நிறுத்துவார். கால் பின்னே போனால் மண் சரியும், அப்போது நமக்கே தெரியும். செருப்பு அன்றைக்கு எங்கள் யாரிடமும் இல்லை. ஒரு வாரத்தில் மற்ற பத்துப் பேரும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் எல்லாரையும் விட நன்றாக அடித்தார். நான் மட்டும் அடிக்கவில்லை. என் கால் நின்றுவிட்டது, கண் நிற்கவில்லை. பந்து வருகிற நேரத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில் அவருக்குக் காலில் புண் வந்தது. மரவள்ளி தோண்டும்போது மண்வெட்டி கணுக்காலுக்கு மேலே பட்டுவிட்டது. மருந்து ஏது அப்போது? வேப்பிலைத் தண்ணீரில் நான்தான் தினமும் கழுவிவிடுவேன். எலும்பு தெரிகிற அளவுக்குப் போயிற்று. அவரால் அடிக்க முடியும், ஓட முடியாது. என்னால் ஓட முடியும், அடிக்க முடியாது. அப்போதுதான் கிராணி வந்து சொன்னார்: அடுத்த லாரிக்கு இந்தத் தோட்டத்திலிருந்து ஆறு பேர் வேண்டும், ஐந்து பேர்தான் தேறுகிறார்கள். கோஷ்டியில் பதினோரு பேர் போதும் என்று சார்ஜன் சம்மதித்துவிட்டான். உங்கள் இரண்டு பேரில் ஒருவனைக் கழிக்கப்போகிறான். ஆளுக்குப் பத்துப் பந்து. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

அன்றைக்கு மாலையும் அவர் நொண்டிக்கொண்டே வந்து என்னைப் பாத்திக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டா வரல?"

"அண்ணே, உனக்கும் எனக்கும்தான் போட்டி. எனக்கு எதுக்குச் சொல்லிக் குடுக்கிற?"

"ஆமா, பெரிய போட்டி. பத்து பந்துல கண்ணத் தொறந்து ஒண்ணு பாத்திருப்பியா நீ? எந்திரி. ஒண்ணுமே அடிக்காத ஆள ஜெயிச்சுட்டு இருந்தா, நாளைக்கு உங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

போனேன். அவரே பந்தைப் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சொன்னதை இத்தனை வருஷம் கழித்தும் அப்படியே சொல்வேன்.

"நீ பந்தப் பாக்கல காளி. அவன் கையப் பாக்கிற. அது உன்ன அறைஞ்ச கை, அதான் கண்ணு மூடிக்கிது. பந்து உன்ன என்ன பண்ணுச்சு? கைய விட்டுட்டு பந்த மட்டும் பாரு."

பயப்படாதே என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. பிற்காலத்தில் உங்கள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. உங்களோடு ஆடி, முகத்தில் பந்து பட்டுப் பல் உடைந்த ரொகாயா மறுபடி மட்டை பிடிக்க நடுங்கியபோதும், பயம் இருந்தால் இருக்கட்டும்லா, அது ஒரு பக்கம் நிற்கட்டும், நீ பந்தைப் பார் என்றுதான் மலாயில் சொன்னார்.

நான்காம் நாள் ஆபீஸுக்கு முன்னாலிருந்த வெளியில் சார்ஜன் எறிந்தான். அண்ணன் முதலில் நின்றார். பத்தில் ஏழு அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் புண்ணிருந்த காலை ஊன்றியபோது அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பிறகு நான். முதல் மூன்று பந்தும் போய்விட்டன. அப்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "போனதுக்கு ஒப்பாரி வைக்காத. இன்னும் ஏழு இருக்கு." நான் கையை விட்டேன், பந்தைப் பார்த்தேன். நான்கு அடித்தேன்.

ஏழு பெரிதா, நான்கு பெரிதா என்று கேட்டால் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் சார்ஜன் முடிக்கவில்லை. அண்ணன் அடிப்பது அவனுக்குப் பிடித்திருந்தது, கால்தான் யோசனை. சுங்கை பட்டாணி ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் புண் ஆறுமா என்று கிராணியிடம் கேட்டான். கிராணி என்னைப் பார்த்தார். புண்ணைத் தினமும் கழுவுகிறவன் நான்தானே. அண்ணன் அந்தப் பக்கம் மரவள்ளிக்குள் போன பந்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னடா, ஆறுமா?" என்றார் கிராணி.

அன்று காலையில்தான் கழுவினேன். புண்ணில் சீழ் வருவது நின்று, ஓரமெல்லாம் சிவப்பாகப் புதுச் சதை பிடித்திருந்தது. அவரிடம்கூடச் சொன்னேன், அண்ணே ஆறிக்கிட்டு வருது என்று. கிராணியிடம், "ஆறாது. நாத்தம் வருது" என்றேன்.

மறுநாள் பெரட்டில் ஆறாவதாகப் பொன்னுசாமி என்று வாசித்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. லாரியில் ஏறும்போது, "மண்ணு சரியாமப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

சுங்கை பட்டாணி ஆட்டம் நடக்கவே இல்லை. இரண்டு வாரத்தில் சார்ஜனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மட்டைகளை விறகாக்கினோம். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு லாரியும் வரவில்லை. நான் மரவள்ளி தோண்டிக்கொண்டு உயிரோடு இருந்தேன்.

ஆறு பேரில் இருவர் திரும்பினார்கள். அவர் ஒருவர். யுத்தம் முடிந்து பல மாதம் கழித்து ரோட்டிலிருந்து லயத்துக்கு நடந்து வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, ஆட்டத்தில் எத்தனை அடித்தாய் என்பது. ஆட்டமே நடக்கவில்லை என்றேன். வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "அப்ப நம்ம ரெண்டு பேரும் அன்னைக்கி அடிச்சதுதான் ஆட்டம்" என்று சிரித்தார். சயாமைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நானும் என் வாயைத் திறக்கவில்லை.

தோட்டம் கைமாறியபோது அவர் கூலிமுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை கிடைத்தது. உங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "காளி, இந்தப் புள்ளைங்க எல்லாம் பின்னுக்கு நகருதுங்கடா, ஒண்ணுகூட பால் வெட்டினது கெடையாது" என்று அதிசயப்பட்டார். அதற்குப் பிறகு நான் அடிக்கடி பஸ் ஏறினேன். உங்கள் ஆட்டம் பார்க்க வந்ததாக நினைத்திருப்பீர்கள். அவரிடம் ஒன்று சொல்லத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன், கேட்டுக்கு வந்ததும் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

ஒரே ஒரு தடவை ஆரம்பித்தேன். அவருக்குத் தோள் வலி, அதனால் என்னைப் பந்து எறியச் சொன்னார். ரொகாயா மட்டையோடு நின்றாள். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார், வேறு யாரும் கிட்டே இல்லை. "அண்ணே, அன்னைக்கி சார்ஜன் எறிஞ்சு முடிச்சப்புறம், கிராணி என்கிட்ட ஒண்ணு கேட்டாரு" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரொகாயாவின் காலைப் பார்த்துக்கொண்டு, "பந்தப் போடு காளி. புள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

போட்டேன். அவள் அடித்தாள், பந்து வேலிக்கு அப்பால் போயிற்று. அவர் கையைத் தட்டிவிட்டு அடுத்த பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அவருக்கு முன்பே தெரியுமா, தெரிந்துதான் என்னை நிறுத்தினாரா, இல்லை உண்மையிலேயே அந்தப் பிள்ளை காத்திருக்கிறதே என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கிராணி போய்ச் சேர்ந்துவிட்டார். கோஷ்டியில் இருந்த மற்ற பத்துப் பேரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆள் இல்லை.

அவர் உங்களுக்கு நிறைய விட்டுப்போயிருக்கிறார், அதை நீங்கள் எழுதுவீர்கள். என்னிடம் இருப்பது திடலில் பாதியில் நின்ற அந்தப் பேச்சு. மீதியை இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, அது எனக்குத் தெரியும். கேட்க வேண்டிய காது கூலிமில் எரிந்துபோயிற்று.