பசை சேர்க்காத வாளி

ராதாமணி வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த யாரும் முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்ததில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அது 1996, ஆனி மாதம். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் அண்ணன் தம்பி வீடுகள் இரண்டு. ஒன்று, மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த பூவனநாதனின் மச்சு வீடு. பக்கத்தில் தம்பி மாரிராஜின் ஓட்டு வீடு. மாரிராஜுக்கு முப்பது ஆடு, வானம் பார்த்த மூன்று ஏக்கர் கரிசல். மனைவி ராதாமணி வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டினாள்.

மகள் தீபலட்சுமியைப் பார்க்கப் புதூரிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று முந்தின நாள்தான் தகவல் வந்தது. ராதாமணி சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் போட்டு, ஒரே பகலில் முன்னறையை அடித்து முடித்தாள். அவசரத்தில் கஞ்சித்தண்ணி ஊற்ற மறந்துபோனாள். கஞ்சியோ பசையோ சேராத சுண்ணாம்பு சுவரில் நிற்காது. காய்ந்ததும் தொட்டவனோடு வந்துவிடும்.

மாப்பிள்ளையின் அப்பா கருநீலச் சட்டை போட்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். காபி குடித்து எழுந்தபோது முதுகு முழுக்க வெள்ளை. தட்டிக்கொண்டார். அதோடு போயிருக்கும். ஆனால் பூவனநாதனின் மனைவி கிருஷ்ணவேணி, அடுக்களை வாசலில் சுண்ணாம்பு எட்டாத உட்சுவரில் தோளைச் சாய்த்து நின்றவள், வாயைத் திறந்தாள்.

"பாத்து எந்திரிங்க அண்ணாச்சி. பொண்ணுக்கு முந்தி சுவரு உங்க வீட்டுக்கு வந்துரும் போலுக்கே!"

அறையே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புதூரிலிருந்து பதில் வரவே இல்லை. 'சுவரு போதும், பொண்ணு வேண்டாம்னுட்டாவளாம்' என்று தெருவில் ஒரு பேச்சு மட்டும் வந்தது.

மறுவருஷம் தை மாதமே தீபலட்சுமிக்கு எட்டயபுரத்தில் லேத் பட்டறைக்காரர் ஒருவரோடு கல்யாணம் முடிந்தது. நல்ல மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள். அந்தக் கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள். "விடும்மா, இவியளக் கட்டுனதுக்குப் பெரியம்மைக்குத்தான் நன்றி சொல்லணும்" என்பாள்.

ராதாமணி விடவில்லை. "ஒருநா உங்க மதினியே என் வாசல்ல வந்து நின்னு கேப்பா. அன்னைக்குப் பேசுதேன்" என்று ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். மாரிராஜ் ஆட்டைப் பார்த்துக்கொண்டார்.

முதல் வேலையாகச் சுவரைச் சரிசெய்தாள். தீப்பெட்டி ஒட்டக் காய்ச்சுகிற மரவள்ளி மாவுப் பசையில் சட்டியடியில் தங்குவதை வழித்து வழித்துச் சுண்ணாம்பில் சேர்த்தாள். பூச்சி வராமலிருக்கப் பசையில் ஏற்கெனவே மயில்துத்தம் கிடந்ததால் நீலம் வாங்கும் காசும் மிச்சம். அந்தச் சுவரை ஈரத்துணியால் துடைத்தாலும் துணி வெள்ளையாகவில்லை.

பிறகு வாசல். ஆடிக்காற்று புழுதியை வாரி அடிக்கும் காலத்துக்கு யூரியாச் சாக்கைப் பிரித்து வெளுத்து, ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டித் திரை தைத்தாள். கீழ்மடிப்புக்குள் கூழாங்கல் வைத்துத் தைத்ததால் காற்றுக்கு அது அசைந்ததே தவிரப் பறக்கவில்லை. அதே காற்றில் கிருஷ்ணவேணி கடையில் வாங்கி மாட்டிய பிளாஸ்டிக் பூத்தோரணம் எதிர்க்காட்டுக் கருவேல முள்ளில் போய்ச் சிக்கியது. ராதாமணி அதை எடுத்துக் கொடுக்கப் போகவில்லை. நான்கு நாள் அங்கேயே கிடக்கட்டும் என்று பார்த்து ரசித்தாள்.

ஐப்பசியில் கரிசல் சேறு காலோடு வீட்டுக்குள் வரும். உடைந்த ஓடுகளை வாசலிலிருந்து ரோடு வரை பதித்து, இரண்டு பக்கமும் ஓட்டை டப்பாக்களில் பத்துமணிப் பூ வைத்தாள். தை பிறக்கும் முன்னால் எல்லோரும் வாசல் நிலையில் கண்ணுப்பிள்ளைப் பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் ஒரு கொத்துச் செருகுவார்கள். இவள் அதையே இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குக் கட்டி, நடுநடுவே சோளக்கதிர் தொங்கவிட்டாள். குருவிகள் வந்து கொத்தின. மாசியில் அந்த இடத்தில் வத்தல் சரம். வருஷம் முழுவதற்கும் தீப்பெட்டி ஆபீசில் கழித்துப்போட்ட லேபிள் தாள்கள் இருந்தன. அச்சு நகர்ந்து, கிளியின் மூக்கு கழுத்தில் விழுந்த தாள்கள். அவற்றை விசிறி மடிப்பாக மடித்தால் மூக்கு எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அவள் வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களும் மச்சு வீட்டுக்குப் போகுமுன் இங்கே ஏறிவிட்டுத்தான் போனார்கள். "ஊர்க்குப்பைய எல்லாம் கட்டித் தொங்கவிட்டிருக்கா" என்றாள் கிருஷ்ணவேணி, காதில் விழும்படியாக. ராதாமணி அதையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

2003. முந்தின வருஷம் மழை பொய்த்திருந்தது. சித்திரை வெயிலில் கரிசல் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடித்தது. மச்சு வீட்டுக்கு அஸ்திவாரத்தில் மணல் போடாமல் அவசரமாகக் கட்டியிருந்தார்கள். முன்னறைச் சுவர் மேலேயிருந்து தரை வரை பிளந்து நின்றது. அதற்கு இரண்டு வருஷம் முந்தின கோடையில் கொத்தனார் சிமெண்டை வைத்து அடைத்துப் பார்த்தார். ஐப்பசியில் மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொண்டபோது சிமெண்டுக்கு இடமில்லாமல் பக்கத்துப் பூச்சையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இப்போது மகள் காவியாவைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வருகிறார்கள். கொத்தனார் கையை விரித்துவிட்டார்.

கிருஷ்ணவேணி ஓட்டுப் பாதையில் நடந்து வந்து வாசலில் நின்றாள்.

"ராதாமணி, வெள்ளிக்கிழம காவியாவப் பாக்க வாராவ."

"கேள்விப்பட்டேங்க்கா."

"எங்க சுவத்தப் பாத்தியா?"

"ரோட்டுல போற பஸ்ஸே பாக்குதே."

"நீதான் வந்து ஒரு கை பாக்கணும்ட்டி."

"எந்தக் கைக்கா? குப்பைய கட்டித் தொங்கவிடுத கையா?"

கிருஷ்ணவேணி தலையைக் குனிந்துகொண்டாள். ராதாமணி கொஞ்ச நேரம் அவளை வெயிலிலேயே நிற்க வைத்தாள். பிறகுதான், "வாரேன்" என்றாள்.

இரண்டு நாள் வேலை. உரிந்துகொண்டிருந்த டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்தாள். கிழிந்த நூல்சேலையைப் பசையில் முக்கி வெடிப்புக்குள் திணித்தாள். மண் உப்பினால் துணி நசுங்கிக் கொடுக்கும். அதன்மேல் லேபிள் தாளை ஒட்டி, சுண்ணாம்பு அடித்தாள். இரண்டு வாளி வைத்திருந்தாள். ஒன்றில் பசை சேர்த்த சுண்ணாம்பு. இன்னொன்றில் வெறும் சுண்ணாம்பு.

இரண்டாவது வாளியை மாப்பிள்ளையின் அப்பா உட்காரப்போகிற சோபாவுக்குப் பின்னால்தான் முதலில் கொண்டுபோனாள். வெள்ளையடிக்கிற மட்டையையும் முக்கிவிட்டாள். அப்போது காவியா டீ கொண்டுவந்தாள்.

"சித்தி, அன்னைக்கு நீங்க கூட இருக்கணும். இல்லைன்னா நான் வெளிய வரமாட்டேன்."

"ஏம்ட்டி?"

"அம்மா ஏதாவது சொல்லிருவா."

ராதாமணி டீயைக் குடித்தாள். மட்டையை உதறினாள். சோபாவுக்குப் பின்னால் முதல் வாளியிலிருந்தே அடித்தாள், இரண்டு கோட்டிங். இரண்டாவது வாளியைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலுக்குப் போனாள். அங்கே இடப்பக்கம், தோள் உயரத்தில், இரண்டு முழ அகலத்துக்கு மட்டும் வெறும் சுண்ணாம்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் கிருஷ்ணவேணி அடுக்களை வாசலில் அந்தப் பக்கம்தான் சாய்வாள். அந்தத் தோளை ராதாமணி இத்தனை வருஷம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அறையில் பனங்குருத்தோலைத் தோரணம், மூலைக்கு மூலை வேப்பம்பூக் கொத்து, மேசையில் கிண்ணம் கிண்ணமாக நுங்கு. தூத்துக்குடிக்காரர்கள் உள்ளே வந்ததும், "வெயிலே தெரியல" என்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா சாய்ந்து உட்கார்ந்தார், எழுந்து போய்க் கை கழுவினார், திரும்பி வந்தார். ராதாமணி அவர் முதுகையே பார்த்தாள். ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

காவியாவைப் பிடித்துவிட்டது. பூ வைத்துவிடலாம் என்றார்கள். அரக்குப் பட்டில் சுவரோடு சாய்ந்து நின்ற கிருஷ்ணவேணி பூத்தட்டை எடுக்க முன்னால் வந்து, மேசைப் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா இது, முதுகெல்லாம் வெள்ளை?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

ராதாமணி அடுக்களைக்குள்ளிருந்து நிதானமாக வெளியே வந்தாள்.

"பாத்துப் போங்கக்கா. பொண்ணுக்கு முந்தி சுவரு அவிய வீட்டுக்குப் போயிரும் போலுக்கே!"

அறையே சிரித்தது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அது வெறும் வேடிக்கை. மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே சம்பந்தியின் முதுகைத் தட்டிவிட்டாள். கிருஷ்ணவேணியும் சிரிக்க வேண்டியிருந்தது.

விருந்தாளிகள் போனபிறகு அவள் அறையைச் சுற்றி ஒவ்வொரு சுவராகத் தடவிக்கொண்டு வந்தாள். கையில் எதுவும் ஒட்டவில்லை. அடுக்களை வாசலுக்கு வந்ததும் உள்ளங்கை வெள்ளையானது. அதை ராதாமணி பக்கம் நீட்டினாள்.

"ஏழு வருசமாவாட்டி வச்சிருந்த?"

"ஏழாக இன்னும் ரெண்டு மாசம் கிடக்குக்கா" என்றாள் ராதாமணி, வாளிகளைக் கழுவியபடி.

"இந்த இடத்துக்கு மட்டும் பசை போட்டு அடிச்சுக் குடுத்துரு."

"பசை தீந்துபோச்சு."

பிறகு அவள் அதை அடிக்கவே இல்லை. வேறு ஆளை வைத்து அடிக்கக் கிருஷ்ணவேணியும் துணியவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவேண்டுமே. காவியாவின் கல்யாணம் முடிகிறவரை தன் வீட்டில் கிருஷ்ணவேணி எங்கேயும் சாயாமல், நேராக நின்றாள்.