குனியாத தொழுகை

புதுப்பட்டினத்தில் யார் இறந்தாலும் ஜனாசா தொழுகைக்கு என் பெரியத்தா மதார் சாகிபு முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். "மய்யத்துன்னா மட்டும் ஓடியாந்துடுவாரு" என்று ஊர் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யுத்தத்தின்போது சிங்கப்பூரில் பிடிபட்டு ஜப்பான்காரர்களிடம் கைதியாக இருந்தவர் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

1996இல், அவருடன் முகாமில் இருந்த எத்திராஜை மறைமலைநகரில் மகன் வீட்டில் தேடிப் பிடித்தேன்.

"காவல்காரனப் பாத்தா குனியணும். உங்க பெரியத்தா, அல்லாவுக்கு மட்டுந்தான் குனிவேன்னு நிமுந்து நின்னாரு. அவர அடிக்கல தம்பி. பக்கத்துல நின்ன என்னப் போட்டு அடிச்சான். இந்தக் காது இன்னிக்கும் கேக்காது. என்னக் கொன்னுடுவான்னு பயந்து குனிஞ்சாரு. அப்பால தெனமும் குனிஞ்சாரு."

"ஊருக்கு வந்ததுக்கு அப்புறம்?"

"தொழுகைல குனிஞ்சா அவன் பூட்ஸுதான் கண்ணுல தெரியுதுன்னு என்னப் பாக்க வரும்போதெல்லாம் சொல்லிகினே இருந்தாரு."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனாசா தொழுகையில் குனிவதே கிடையாது. நின்றபடியே முடிந்துவிடும். அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. அவ்வளவு காலம் அவர் பூட்டி வைத்ததைத் திறக்க நான் யார்? அவர் மய்யத்தானபோது சிரித்தவர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் குனிந்தேன். எனக்கும் அந்த பூட்ஸ் தெரிந்தது.