சித்தப்பாவுக்கு வேனில் இடமில்லை

வெளிநாட்டிலிருந்து வருகிறவரை அழைத்துவர ஒருத்தர் போனால் போதும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. குடும்பமே கிளம்பிப் போகும். போகாமல் விட்டால் பிறகு வருஷக்கணக்கில் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். துபாயில் வேலை பார்த்த சித்தப்பா கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக லீவில் வந்தபோதும் செஞ்சியிலிருந்து பெரிய வேன் ஒன்றைப் பிடித்தோம்.

கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பெரியப்பா. எதுவும் வீணாகப் போவது அவருக்கு ஆகாது. தாத்தா, பெரியம்மா, நைனா, அம்மா, அத்தை, மாமா, பிள்ளைகள் நாங்கள் என்று எல்லோரையும் ஏற்றிய பிறகும் ஒரு சீட் மிச்சமிருந்தது. ஏரோப்ளேனைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த சிங்கவரத்துத் தாத்தா ஒருவரையும், போகிற வழியில் வேனை நிறுத்தி, அதில் ஏற்றிக்கொண்டார் பெரியப்பா. ஒரு சீட்கூட காலியில்லை என்று அவருக்குப் பரம திருப்தி. வரப்போகிறவர் எங்கே உட்காருவார் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எங்களில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி வரிசையில் ஜன்னலோரம் சித்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான மாதமே சித்தப்பா விமானம் ஏறிவிட்டார். அதன் பிறகு அவர்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொண்டதே கிடையாது. சாயங்காலம் போன் வந்தால் ஸ்பீக்கரைப் போட்டு நடு ஹாலில் வைத்துவிடுவார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்து, கடைசியில்தான் சித்தியின் முறை வரும். "சாப்டிங்களா?" என்பாள். அதற்குள் பெரியப்பா, "சரிப்பா, அவனுக்கு டூட்டிக்கு நேரமாவுது" என்று வைத்துவிடுவார். பாவம், சித்திக்குப் பேசவே தெரியாது போல என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அன்றைக்கு ஒரே கவலைதான். நான் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையும் பாறையும்தான். திரும்பி வரும்போது மகாபலிபுரம் போய், கடற்கரைச் சாலை வழியாகவே ஊருக்குப் போகலாம் என்று சித்தப்பா போனில் வாக்குக் கொடுத்திருந்தார். திண்டிவனம் தாண்டுவதற்குள்ளேயே கடல் எப்போது வரும் என்று கேட்டு எல்லோர் உயிரையும் எடுத்துவிட்டேன்.

ஏர்போர்ட்டில் சித்தப்பா டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கயிறும் டேப்பும் சுற்றிய பெரிய பெரிய அட்டைப் பெட்டிகள். தாத்தா அழுதார், அத்தை அழுதாள், சிங்கவரத்துத் தாத்தா அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற சித்தியிடம் கடைசியாக வந்து, "நல்லாகீறியா?" என்றார். சித்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

வேன் வந்து நின்றதுமே போலீஸ்காரர் விசில் ஊத ஆரம்பித்துவிட்டார். வேனின் தலைமேல் கட்டலாமென்றால் டிரைவரிடம் கயிறு இல்லை. அவசரத்தில் பெட்டிகளைச் சீட்டிலும் காலடியிலுமாகத் திணித்து, எல்லோரும் இடித்துப் பிடித்து ஏறிவிட்டோம். கதவைச் சாத்தப் போகும்போதுதான் பார்த்தால், தோளில் ஒரு பையோடு சித்தப்பா ரோட்டிலேயே நிற்கிறார்.

"நீங்க போங்கண்ணா. நான் தாம்பரம் போயி பஸ் புடிச்சி மாபலிபுரம் வந்துடறேன்" என்றார்.

பெரியப்பா பதறிப்போனார். "துபாய்லேர்ந்து வந்தவன பஸ்ல அனுப்பறதா? ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நானும் பஸ்லயே வரேன்."

சித்தி. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், பெட்டிகளைத் தாண்டி, மாமாவின் காலை மிதித்து, அவள் இறங்கிவிட்டாள். பெரியம்மா என்னைத் தூக்கி அவள் பின்னாலேயே இறக்கிவிட்டாள். "இத்தையும் இட்னு போ. கடலு கடலுன்னு பிராணன வாங்குது" என்றாள். வீட்டுப் பெண்ணைப் புருஷனோடுகூடத் தனியாக அனுப்பிப் பழக்கமில்லை எங்கள் வீட்டில்.

தாம்பரத்தில் பஸ் மாறினோம். மூன்று பேர் சீட். ஜன்னலோரம் எனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது, கடல் மட்டும் வரவில்லை. பேசத் தெரியாது என்று நான் நினைத்திருந்த சித்தி, என் பக்கத்தில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வந்தாள். மாவு மிஷின், மாடியில் ஒழுகும் இடம், அத்தை சொன்ன ஒரு வார்த்தை என்று எதை எதையோ சொன்னாள். சித்தப்பா உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

மகாபலிபுரத்தில் இறங்கிக் கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் இருக்கும் என்று யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. சித்தப்பா மாங்காய்க் கீற்று வாங்கிக் கொடுத்து, காலை மட்டும் நனை என்றார். அந்த இருவரும் மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு பெரிய அலைக்கும் நான் திரும்பி, "சித்தி, இத்தப் பாரு" என்று கத்தினேன். பார்க்கிறேன் என்று கையைக் காட்டினாளே தவிர, தலையைத் திருப்பவில்லை. இவ்வளவு தூரம் வந்து இப்படிக் கோட்டை விடுகிறாளே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

வேன் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது. கயிறு வாங்கப் போன இடத்தில் மரநிழலைப் பார்த்ததும், சித்தப்பாவுக்கென்று கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை எல்லோருமாகச் சாப்பிட்டுவிட்டிருந்தார்கள். பெட்டிகள் இப்போது வேனின் தலைமேல் இருந்தன. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் இடம் பண்ணினார்கள். நான் சித்தியின் மடியில்.

வேன் மரக்காணம் பக்கம் போகும்போது அத்தை திரும்பிக் கேட்டாள். "இன்னாம்மா, கடலு எப்டி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அண்ணி" என்றாள் சித்தி.

என்னால் பொறுக்க முடியவில்லை. "பொய் சொல்லுது அத்தை. சித்தி கடலப் பாக்கவே இல்ல. எத்தினி வாட்டி கூப்டேன். சித்தப்பாவயே பாத்துக்கினு இருந்துச்சு."

முதலில் சிரித்தவர் தாத்தாதான். பிறகு வேனே குலுங்கியது. சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மேலே கட்டியிருந்த கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். அம்மா எட்டி என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். உள்ளதைச் சொன்னதற்கு எதற்குக் கிள்ளு என்று விளங்கவில்லை. சித்தி என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. கடலைப் பார்க்காமல் விட்டதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாத சித்தி. அடுத்த வாட்டி சித்தப்பாவ வீட்லயே உட்டுட்டு வரலாம். நல்லா பாத்துக்கலாம்."